வெளியிலிருந்து திறக்கும் கதவு

மத்தேயு சுவிசேஷத்தைக் கையிலெடுப்பவர்களுள் பலர் முதல் அதிகாரத்து வம்ச அட்டவணையை வாசியாமலே தாண்டிச் செல்வதுண்டு. ஆயினும், இரட்சகரின் முன்னோர் வரிசையில் மாமனை வஞ்சித்துக் கருவுற்ற தாமாரையும், எரிகோ நகரத்து வேசியாகிய ராகாபையும், தாவீது அபகரித்த உரியாவின் மனைவியையும் சுவிசேஷகர் ஒளிக்காமல் எழுதியிருப்பதையும், அடுத்த அதிகாரத்திலேயே ஏரோதின் வாளுக்கிரையான பெத்லகேம் குழந்தைகளுக்காக எழுந்த ஓலத்தைக் கேட்கச் செய்வதையும் கவனிப்பவர்கள், கிறிஸ்து ஜனனம் பாவமும் துக்கமும் தீண்டாத ஏதோவொரு புண்ணிய பூமியில் நிகழ்ந்ததன்று என்பதை உணர்வார்கள்.

ஜெர்மானிய வேதசாஸ்திரியான டீட்ரிக் போன்ஹோஃபர் தம் வாழ்வின் இறுதி இரண்டு கிறிஸ்துமஸ் திருநாட்களிலும் இதைச் சிறையிலிருந்தபடியே தியானித்தார். காந்தியடிகளின் ஆசிரமத்தில் தங்கிப் பயில விரும்பி, 1934-இல் அவரிடமிருந்து அழைப்பும் பெற்றிருந்தவர் அவர்; அந்த யாத்திரை கைகூடாமற் போனது நமக்கும் ஒரு நஷ்டமே. 1939-இல் அமெரிக்காவில் அபாயமின்றி வாழும் வாய்ப்பைத் துறந்து, ஹிட்லரின் கொடுங்கோன்மைக்குட்பட்ட தாய்நாட்டுக்கே திரும்பிய அவர், 1943 ஏப்ரல் 5-ஆம் தேதி கைதாகி, பெர்லினில் டேகல் ராணுவச் சிறையில் அடைபட்டபோது, அவருக்கு விவாகம் நிச்சயமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

பெர்லின்மீது குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்த அவ்வாண்டு டிசம்பரில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்த பாலகனின் செய்தி மற்றெவரையும்விடச் சிறைவாசிக்கே நன்கு விளங்கும் என்றார். சில வாரங்களுக்கு முன் நண்பருக்கு எழுதியபோதோ, வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கதவுக்குள் காத்திருக்கும் கைதியின் நிலையைக் கிறிஸ்துவின் வருகைக்குக் காத்திருக்கும் திருக்காலத்துக்கு ஒப்பிட்டார். கிறிஸ்தவ நம்பிக்கையின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. துக்கத்தை மனவுறுதியால் வெல்ல முயல்வதும், பாவத்தைப் புண்ணிய காரியங்களால் ஈடுகட்ட முயல்வதும் உள்ளிருந்து கதவை முட்டுவதேயாகும். பெத்லகேமிலோ கதவு வெளியிலிருந்து திறந்தது.

தாம் மாசற்றவர் என்ற எண்ணம் போன்ஹோஃபருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஹிட்லரை வீழ்த்தும் சதியில் பங்குகொண்ட அவர், அப்படிப் பங்குகொள்வோரின் கரங்கள் களங்கப்படாதிருக்க இயலாதென்று அறிந்து, அந்தக் களங்கத்தோடேயே தெய்வ கிருபையைச் சரணடைந்தார். அப்பாவிகள் அழிக்கப்பட்டபோது வாய்மூடியிருந்த திருச்சபையின் குற்றத்தையும், பிறர்மேல் சுமத்திவிட்டு ஒதுங்காமல், தம்முடையதாகவே ஏற்று எழுதிவைத்தார். 1943 கிறிஸ்துமஸுக்கென உடன்கைதிகளுக்காக அவர் இயற்றிய ஜெபங்களில் தென்படும் பரிவு, தாமும் அவர்களைப் போன்ற பாவியே என்றறிந்தவருக்கே சாத்தியமானது.

1944 ஜூலை 20-இல் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்றபின், அவரை ரகசியப் போலீஸாரின் நிலவறைச் சிறைக்கு மாற்றினார்கள். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கும் குறைவாகவே இருந்த அந்த டிசம்பரில், தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கும் தம் அன்னைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அவர் ஒரு கவிதை எழுதியனுப்பினார். கசப்பான பாத்திரம் நீட்டப்பட்டால் அதை நடுங்காமல் வாங்கிக்கொள்ளும் சித்தத்தையும், இவ்வுலகத்தின் இன்பத்தையும் சூரிய ஒளியையும் மீண்டும் ஒருமுறை காணக் கிடைக்காதா என்ற ஆசையையும், ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காமல், அக்கவிதையில் அவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.