நீருக்கடியில் வீடியோ லைட்: குறைந்த விலையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ஹட்டன் நகரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். எனது கடையில் அதிகம் விற்பனையாவது டோர்ச். பாவாத மலை சீசனில் இரவு ஏறுகிறவர்கள் வாங்குவார்கள். மழைக்காலத்தில் தோட்ட லயங்களில் மின்சாரம் போனால் வாங்குவார்கள். டோர்ச் வியாபாரத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு பையனின் தொழிலுக்கே வினையாகிவிட்டது.

நோர்வூட் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் அவர். தாய் கொழுந்து பறிக்கிறார். இவர் நிலாவெளியில் சுழியோடும் படகில் வேலைக்குச் சேர்ந்து, உல்லாசப் பயணிகள் கடலுக்கடியில் நீந்துவதை வீடியோ எடுத்துக் கொடுக்கப் பழகியிருந்தார். ஒருநாள் கடைக்கு வந்து, "நானா, தண்ணிக்குள்ள வீடியோ எடுக்கிற லைட் ஒன்னு வேணும். சொன்னா எடுத்துத் தருவீங்களா?" என்றார்.

கொழும்பு புறக்கோட்டையில் பழகிய ஒருவரிடம் சொல்லி ஆறு லைட் எடுத்தேன். பெட்டியில் 10,000 லூமன் என்றும் 100 மீற்றர் என்றும் அச்சிட்டிருந்தது. ஒன்றை 12,500 ரூபாவுக்குக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பையன் திரும்பி வந்தார். இரண்டாம் தடவை இறங்கியபோது 18 மீற்றரில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து லைட் அணைந்துவிட்டது. எடுத்த வீடியோ முழுவதும் ஒரே நீலம். பயணிகள் காசு கொடுக்கவில்லை.

"லைட் போனா போகட்டும் நானா. அந்த வேலைய வேற பையனுக்குக் குடுத்துட்டாங்க" என்றார்.

அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் போன வேலையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மீதி ஐந்து லைட்டும் தட்டில் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கழற்றிப் பார்த்து, தெரிந்தவர்களிடம் விசாரித்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

லைட் எதற்கு?

கடல் நீர் சூரிய ஒளியின் நிறங்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. முதலில் போவது சிவப்பு. 5 முதல் 10 மீற்றருக்குள்ளேயே அதன் பெரும்பகுதி மறைந்துவிடும். அதன் பின் செம்மஞ்சளும் மஞ்சளும் மங்கும். அதனால்தான் சிவப்பு மீனும் பவளப்பாறையும் வீடியோவில் நீலச் சாம்பலாகத் தெரிகின்றன. போன நிறத்தைக் கொண்டுவருவதே வீடியோ லைட்டின் வேலை. அதுவும் ஒன்று, ஒன்றரை மீற்றர் தூரத்துக்குத்தான். லைட்டின் ஒளியையும் தண்ணீர் விழுங்கும் அல்லவா?

லூமன் கணக்கு

வியாபாரிகள் அட்டையில் உள்ள எண்ணை நம்பாமல் தாமே கணக்குப் போட வேண்டும். இந்த லைட்டுகளில் பரவலாகப் பாவிக்கப்படும் 18650 என்ற பெட்டரி 3.7 வோல்ட் உடையது. நல்ல பெட்டரி ஒன்று ஏறத்தாழ 3,400 மில்லி அம்பியர் மணி கொள்ளும். இரண்டையும் பெருக்கினால் 12.5 வாட் மணி வரும். ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு பெட்டரி ஒரு மணித்தியாலத்துக்கு 1,250 லூமன் அளவில்தான் கொடுக்க முடியும். ஒற்றைப் பெட்டரியில் 10,000 லூமன் என்றால் அது எட்டு நிமிடம்கூட நிற்காது. நான் விற்றது ஒற்றைப் பெட்டரி லைட். இந்தப் பெருக்கலை அன்றே செய்திருந்தால் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன்.

பெட்டரியிலும் பொய் உண்டு. 18650 அளவில் 9,900 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது போலி. 3,500 ஐச் சற்றுத் தாண்டினாலே அது மிக உயர்ந்த சரக்கு. நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல பெட்டரி 45 கிராமுக்கு மேல் இருக்கும். வெகுவாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

கோணமும் நிறமும்

நாம் விற்கும் சாதாரண டோர்ச் ஒளியைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்புகிறது. வீடியோவுக்கு அது உதவாது. நடுவில் வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டுமாக விழும். வீடியோ லைட் 100 முதல் 120 பாகை வரை சமமாக விரிய வேண்டும். கடைச் சுவரில் அடித்துப் பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். ஆனால் காட்டிவிட்டு உடனே அணைத்துவிடுங்கள். இவை தண்ணீரால் குளிரும்படி செய்யப்பட்டவை. வெளியில் எரியவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும்.

ஒளியின் நிறம் 5,000 முதல் 5,600 கெல்வின் வரை இருந்தால் பகல் வெளிச்சம் போல் இருக்கும். நிறத்தை உண்மையாகக் காட்டும் தன்மைக்கு சீ.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. 80 போதும், 90 சிறப்பு. முழு வெளிச்சம் எத்தனை நிமிடம் குறையாமல் நிற்கும் என்பதையும் கேளுங்கள். சில லைட்டுகள் மூன்று நிமிடத்தில் தாமாகவே பாதியாகக் குறைந்துவிடும்.

தண்ணீர் புகாமை

ஐ.பி. 67 என்பது ஒரு மீற்றர் நீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பதே. ஐ.பி.எக்ஸ். 8 என்றால் அதைவிடக் கூடுதல். எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். இரண்டும் சுழியோடத் தகுதியானது என்ற சான்று ஆகாது. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. 30 மீற்றரில் ஐந்து சென்ரிமீற்றர் அகலக் கண்ணாடி மீது ஏறத்தாழ 60 கிலோ பாரம் அழுத்தும். ஒரு மூட்டை சிமெந்தை விட அது கூடுதல்.

பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லை 40 மீற்றர். ஹிக்கடுவையில் 1903 இல் மூழ்கிய கொன்ச் எண்ணெய்க் கப்பல் 20 மீற்றர் அளவில்தான் கிடக்கிறது. ஆகவே உண்மையாக 60 மீற்றர் தாங்கும் லைட் தாராளமாகப் போதும். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே இருக்கிறது. அங்கு இறங்குவோர் விசேட பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கு 100 மீற்றர் லைட் வேண்டும்.

மூடியில் இரண்டு ரப்பர் வளையம் உள்ளதையே எடுங்கள். மேலதிக வளையங்கள் கூட வருகின்றனவா என்றும் பாருங்கள். வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலே தண்ணீர் புகுந்துவிடும். புதிய லைட்டைப் பெட்டரி போடாமல், உள்ளே டிஷ்யூ தாள் வைத்து மூடி, ஈயக்குண்டோடு கயிற்றில் கட்டி 20 மீற்றருக்கு இறக்கி அரை மணித்தியாலம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் நனைந்தால் லைட்டைக் கடைக்குத் திருப்பலாம். கடையில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது மாத்திரம் போதாது. பாவித்த பின் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதும் அவசியம்.

பனிமூட்டப் பாடம்

நானுஓயாப் பாதையில் பனி மூடினால் ஹெட்லைட்டைக் கூட்டுவோமா, குறைப்போமா? கூட்டினால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கலங்கிய நீரிலும் அப்படியே. கெமராவுக்கு அருகில் ஒரே பெரிய லைட்டை வைத்தால், மிதக்கும் தூசியெல்லாம் பட்டு வெளிச்சம் திரும்பி, படம் முழுவதும் வெள்ளைப் புள்ளியாகும். 2,000 லூமன் லைட் ஒன்றை விட, 1,000 லூமன் லைட் இரண்டை இருபக்கமும் கைபிடியில் தள்ளிப் பொருத்துவது மேல். ஒன்று அணைந்தாலும் மற்றது இருக்கும்.

வாங்கவே தேவையில்லாத இடம்

வெயில் நாளில் புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள ஆழமில்லாத பாறைகளில் மாத்திரம் படமெடுப்பவருக்கு, கெமராவில் பொருத்தும் சிவப்புக் கண்ணாடி போதும். லைட்டின் விலையில் சிறு பகுதிதான் வரும். இரண்டையும் சேர்த்துப் பாவித்தால் படம் சிவந்துவிடும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. தேவையில்லாததை விற்று ஒருவரின் கையிருப்பைக் கரைப்பது வியாபாரமாகாது.

ஆழம் போகிறவருக்கு சுவிட்சர்லாந்தின் கெல்டன் போன்ற உயர்விலைச் சாமான்தான் வேண்டுமென்பதில்லை. ஓர்காடோர்ச், ஆர்ச்சன் போன்ற சீனத் தயாரிப்புகளிலும் நடுத்தர விலையில் பார்த்தெடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவருவோர் உதிரி லித்தியம் பெட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது.

மலைநாட்டவருக்கு ஒரு எச்சரிக்கை

சுழியோடிய பின் உடனே உயரத்துக்கு ஏறக்கூடாது. உடலில் கரைந்த நைதரசன் குமிழாகி ஆபத்தை உண்டாக்கும். விமானம் ஏறுமுன் ஒருமுறை இறங்கியவர் 12 மணித்தியாலமும், பலமுறை இறங்கியவர் 18 மணித்தியாலமும் பொறுப்பது வழக்கம். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலும் நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலும் உள்ள ஊர்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் இத்தகைய உயரங்களுக்கு உரியதே. ஆகவே மாலையில் கரையேறி இரவு பஸ்ஸில் வீடு வருவது ஆகாது. லைட் விற்கும்போது இதையும் சொல்லி அனுப்புகிறேன்.

கடைசியாக

இப்போது நான் பில்லில் மூன்று விடயங்களைக் கையால் எழுதுகிறேன்: நான் கணக்கிட்ட லூமன், தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் ஆழம், எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பது. பையனுக்கு 1,000 லூமன் லைட் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். விலையைத் தவணையாகத் தருகிறார். கயிற்றில் இறக்கிப் பார்த்த பிறகுதான் முதல் தவணையே வாங்கினேன். கிழக்கில் சீசன் முடிந்ததும் அவற்றோடு ஹிக்கடுவைக்குப் போய்ப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

மீதி ஐந்து லைட்டும் கழிவு விலைக்கு விற்றுப் போயின, மழைக்குப் பிடிக்கும் டோர்ச்சாக. ஒவ்வொன்றிலும் "தண்ணீருக்குள் பாவிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டினேன். அதில் நட்டம்தான். ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.