கேட்கத் தெரிந்தவரே தயாரிப்பாளர்

செவன் கிங்ஸில் எங்கள் சபை வாலிபர் பலருடைய படுக்கையறை இன்று ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம். மேசையில் மடிக்கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன்; நத்தார் பாடல்கள் அங்கேயே உருவாகின்றன. ஆனால் "நான் மியூசிக் புரொடியூசர் ஆகப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், அது என்ன வேலை என்றே பெற்றோருக்கு விளங்குவதில்லை. சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். இசையில் அப்படியல்ல. எந்தப் பாட்டை எடுப்பது, எந்த வேகத்தில் பாடுவது, எந்த வாத்தியம் சேர்ப்பது, பாடியவற்றில் எது சிறந்தது என்றெல்லாம் தீர்மானித்து, பாட்டு முழுமையாக வெளிவரும்வரை பொறுப்பேற்பவரே இசைத் தயாரிப்பாளர்.

நல்ல கருவிகளை யாரும் வாங்கலாம். சிறந்த தயாரிப்பாளருக்கு வேண்டிய குணங்களை வாங்க முடியாது. அவற்றை அறிய நாம் தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் லண்டனில் பிறந்து, 1962 முதல் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைத் தயாரித்த ஜோர்ஜ் மார்ட்டினைப் பார்ப்போம்.

முதலாவது, கேட்கும் காது. 'பிளீஸ் பிளீஸ் மீ' பாடலை அந்த இளைஞர்கள் முதலில் மெதுவாகவே பாடிக் காட்டினார்கள். மார்ட்டின் அதை ஒதுக்கிவிடவில்லை. வேகத்தைக் கூட்டச் சொன்னார். 1963இல் அதுவே அவர்களுடைய முதல் பெரிய வெற்றியானது. பாட்டில் ஏற்கெனவே ஒளிந்திருந்ததை அவர் கேட்டுவிட்டார்.

இரண்டாவது, அளவறிதல். 1965இல் 'யெஸ்டர்டே' பதிவானபோது டிரம்ஸ் இல்லை. குழுவின் மற்ற மூவரும் வாசிக்கவில்லை. ஒரு குரல், ஒரு கிதார், அவற்றோடு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. அவ்வளவுதான். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே கடினமான தீர்மானம்.

மூன்றாவது, கல்வியும் பொறுமையும். பீட்டில்ஸ் நால்வருக்கும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. மார்ட்டினோ கில்ட்ஹோல் இசைக் கல்லூரியில் பியானோவும் ஓபோவும் கற்றவர். அவர்கள் வாயால் பாடிக் காட்டியதை வாத்தியக் கலைஞருக்காக எழுதிக் கொடுத்தார். 1966இல் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலுக்கு ஒரு பதிவின் தொடக்கமும் இன்னொன்றின் மீதியும் வேண்டும் என்றார் ஜோன் லெனன். இரண்டும் வேறு வேறு வேகம், வேறு வேறு சுருதி. கணினி இல்லாத அந்நாளில், ஒலிநாடாவின் வேகத்தை மாற்றியே மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் அவற்றை ஒன்றாக இணைத்தார்கள்.

நான்காவது, பிறரை முன்னிறுத்தும் மனம். 1989இல் சென்னையில் தன் வீட்டோடு பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தவர் ஏ.ஆர்.ரகுமான். 1992இல் 'ரோஜா' வந்தது. திரையிசையில் பக்கவாத்தியக்காரர் பெயர் தெரியாமலே போய்விடும் வழக்கத்தை மாற்றி, ஒலிநாடா உறைகளில் அவர்களுடைய பெயர்களை அச்சிட வைத்தார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இது வேலையும்தான், ஆகவே ஒப்பந்தம் முக்கியம். இஎம்ஐ நிறுவனத்தில் மார்ட்டின் சம்பளக்காரராகவே இருந்தார். இசைத்தட்டு விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. 1965இல் விலகி, நண்பர்களோடு ஏஐஆர் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஒலிப்பதிவுக் கூடம் 1992 முதல் ஹாம்ஸ்டெட்டில் விக்டோரியா காலத்துத் தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. பாடுவதற்கென்று கட்டிய கூரையின் கீழ் இன்றும் பாட்டு ஒலிக்கிறது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். ஊரில் கற்ற கீர்த்தனையை அப்பாச்சி பாடுகிறார், குரல் நடுங்குகிறது. மென்பொருள் ஒரு நொடியில் அந்த நடுக்கத்தை நீக்கிவிடும். சுருதி நேராகும், ஆனால் அது அப்பாச்சியின் குரலாக இருக்குமா? அந்த மெட்டை அவர் பாடுவதுபோல் பாடக்கூடியவர்கள் எங்களிடையே வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

வாலிபரே, மடிக்கணினியைத் திறக்கும் முன் அவர் அருகில் அமர்ந்து, பாட்டை முதல் அடி முதல் கடைசி அடிவரை ஒருமுறை கேளுங்கள். எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லில் நிற்கிறார் என்று கவனியுங்கள். பிறகு பதிவு செய்யுங்கள். முடிந்ததும் அவர் பெயரைப் பாட்டோடு எழுத மறவாதீர்கள்.