வீட்டு வியாபாரமும் வரியும்

மட்டாஞ்சேரியில் நம்மவர் இல்லங்களில் அடுக்களை வியாபாரம் புதிதன்று. அப்பளம் இட்டு விற்ற பாட்டிமாரையும், பண்டிகை நாட்களில் முறுக்கு சுற்றிக் கொடுத்துக் குடும்பச் செலவுக்குக் காசு சேர்த்த மாமிமாரையும் நாம் அறிவோம். அன்று வாங்கியவர் அடுத்த தெருக்காரர். இன்று வாங்குபவர் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறார். கைபேசியில் படம் பார்த்து, பணத்தையும் அதிலேயே செலுத்திவிட்டு, பொட்டலத்துக்குக் காத்திருக்கிறார். மலையாள நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் கைப்பக்குவத்துக்கு வாளையாறுக்கு அப்பால்தான் கிராக்கி அதிகம் என்பதில் வியப்பில்லை. ஆனால் வரிச் சட்டம் வேறுபடுவதும் அந்த வாளையாற்றிலேதான். இதை நாம் சற்றுக் காலந்தாழ்த்தியே கற்றோம்.

நம் இல்லாள் சாம்பார்ப் பொடியும் இரசப் பொடியும் செய்து விற்கத் தொடங்கியபோது, கணக்கறிந்த நண்பர் ஒருவரைக் கேட்டோம். "ஆண்டுக்கு 40 இலட்சம் வரை சரக்கு விற்றாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம், கவலையை விடுங்கள்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. 2019 ஏப்ரல் 1 முதல் சரக்கு மட்டும் விற்போர்க்குக் கேரளத்தில் அவ்வரம்பு உண்டு. புதுச்சேரி போன்ற சில இடங்களில் 20 இலட்சமே. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று: அச்சலுகை மாநிலத்துக்குள்ளே விற்பவருக்கே உரியது. வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்தாருக்கு விற்பவர், விற்றது ஒரே பொட்டலமாயினும், பதிவு செய்தே தீர வேண்டும். வாட்ஸ்அப் வழியே விற்றாலும் விதி இதுவே. எட்டுத் திங்கள் பொட்டலம் அனுப்பிய பின்னரே நமக்கு இது தெரியவந்தது. பதிவு செய்து, நின்றுபோன வரியையும் வட்டியையும் செலுத்தினோம். தொகை பெரிதன்று; ஆயினும் வாங்கியவரிடம் பெறாத வரியைக் கைப்பொருளிலிருந்து கட்டுவது கசப்பான காரியம். தாமே முன்வந்து கட்டாமல் அகப்பட்டிருந்தால், 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, இவற்றுள் எது மிகுதியோ அது தண்டமாகியிருக்கும்.

சட்டம் ஏன் எல்லையில் இவ்வளவு கண்டிப்புக் காட்டுகிறது? இராஜாஜியின் மந்திரிசபை 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியை ஏற்படுத்தியது. திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்துக்கு அது 1950இல் வந்தது. மாநிலங்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்கு 1956இல் மத்திய விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. அவ்வரியை அனுப்பும் மாநிலமே வைத்துக்கொண்டது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அம்முறை தலைகீழாயிற்று: சரக்கு எங்கே போய்ச் சேருகிறதோ அம்மாநிலத்துக்கே பங்கு. மட்டாஞ்சேரியில் இடித்த பொடி கோவைக்குச் சென்றால், வரியில் மத்திய அரசின் பங்கு போக மற்றது தமிழ்நாட்டுக்குச் சேரும். விற்பவருக்குப் பதிவு எண் இல்லையேல் இப்பங்கீட்டுக்கு வழியில்லை. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பன. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. எண்ணிலும் அண்டை வீட்டார்தாம்!

பண்டத்துக்குப் பண்டம் நியாயம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். அப்பளத்துக்கு வரி இல்லை. வரியில்லாப் பண்டம் மட்டுமே விற்பவர் எம்மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டுவதில்லை. அவரே அப்பளத்தோடு மிளகாய்ப் பொடியையும் சேர்த்துக் கோவைக்கு அனுப்பத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பொடிக்கு நூற்றுக்கு 5 வரி உண்டு. கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. தம் பொருள் அரசின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பின்னரே அதனை நம்புக.

அமேசான், பிளிப்கார்ட், மீஷோ முதலிய நிறுவனங்களின் வழியே விற்பவர், முன்பெல்லாம் வரம்புக்கு எவ்வளவு கீழே இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் இதில் ஒரு தளர்ச்சி: பான் எண்ணையும் முகவரியையும் ஜி.எஸ்.டி. தளத்தில் தெரிவித்து ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டால் பதிவின்றியே விற்கலாம். ஆனால் ஒரே மாநிலத்துக்குள் மட்டும். இங்கும் வாளையாறு குறுக்கே நிற்கிறது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. வாடகை வீட்டில் இருப்போர்க்குத்தான் சங்கடம்: வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமோ, மின் கட்டண இரசீதும் வேண்டும். வீடே கைவிட்டுப் போய்விடும் என்று சில வீட்டுக்காரர்கள் அஞ்சுகின்றனர். பதிவால் வீட்டின்மீது எவ்வுரிமையும் உண்டாவதில்லை என்று பொறுமையாக எடுத்துரைக்க வேண்டும்.

பதிவு செய்தவர் நிறுவனங்கள் வழியே விற்கும்போது, இலட்சத்துக்கு 500 ரூபாயை நிறுவனம் ஜி.எஸ்.டி. கணக்கில் பிடித்துச் செலுத்துகிறது. (2024 ஜூலை 10க்கு முன் இது 1,000 ஆக இருந்தது.) அது நிறுவனத்தின் தரகன்று, நம் பணமே. தளத்தில் அதனை ஏற்றுக்கொண்டால் நம் ரொக்கக் கணக்கில் சேரும். வரி கட்ட உதவும். ஏற்காமல் விட்டால் அங்கேயே கிடக்கும். தரகு போகக் கைக்கு வந்த தொகையை மட்டுமே விற்பனையாகக் கருதுவோரும் உளர். அது பிழை, வாங்கியவர் கொடுத்த விலையே கணக்கு.

வருமான வரி தனி. "கேரள அரசுக்கு எவ்வளவு வருமான வரி?" என்று ஓர் அன்பர் நம்மைக் கேட்டார். விவசாய வருமானம் நீங்கலாக வருமான வரி மத்திய அரசுக்கே உரியது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இருப்பதுபோன்ற மாநில வருமான வரி இங்கில்லை. உள்ளூரில் நகராட்சி அரையாண்டுக்கொருமுறை வாங்கும் தொழில் வரி உண்டு. ஆண்டுக்கு 2,500 ரூபாயை அது தாண்டக்கூடாதென்பது அரசியல் சட்டம்.

வருமான வரிக்காகவும் நிறுவனங்கள் 2020 அக்டோபர் முதல் ஒரு தொகை பிடிக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல் அது இலட்சத்துக்கு 100 ரூபாய். தனி நபரின் விற்பனை ஆண்டுக்கு 5 இலட்சத்துக்குள் இருந்து பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் பிடிப்பதில்லை. கொடாதவருக்கு இலட்சத்துக்கு 5,000! வங்கி வழியே வந்த விற்பனையில் நூற்றுக்கு 6 பங்கை இலாபமாகக் காட்டும் எளிய முறையும் சிறு வியாபாரிகளுக்கு உண்டு. அதன்படி 6 இலட்சம் விற்ற இல்லத்தரசியின் வருமானம் 36,000 ரூபாயே. வேறு வருமானம் இல்லாவிடில் வரி இராது. ஆயினும் பிடித்த தொகை திரும்ப வேண்டுமானால் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும்.

நம்மைப்போல் ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு ஒரு வார்த்தை. நாம் வியாபாரம் செய்தலாகாது. குடும்பத்தார் செய்தால் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டு நடத்தை விதி. எனவே மனைவியின் கடைக்குக் கணவரின் பான் எண்ணைக் கொடுப்பது இருவகையிலும் வினை.

நம் வீட்டில் இப்பொழுது மூன்று திங்களுக்கொருமுறை கணக்கு எழுதுகிறோம். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் விற்பனை விவரம். 22ஆம் தேதிக்குள் வரி. ஒரு பொட்டலமும் போகாத காலாண்டுக்கும் தாக்கல் உண்டு; தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். அடுக்களைச் சுவரில் பால்கணக்கு எழுதும் நாட்காட்டியில் இவ்விரு தேதிகளையும் இல்லாள் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.