காசால் மீட்டுகிற கிட்டார்

சட்டைப் பையில் கிடக்கிற சில்லறைக் காசை வைத்து கிட்டார் வாசிக்க முடியுமா?

வாசிக்கிறாரே ஒருவர்! இங்கிலாந்தின் குயீன் ராக் குழுவில் கிட்டார் வாசிக்கும் பிரையன் மே. மற்றவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் வில்லையால் தந்தியை மீட்டுவார்கள். இவர் கையில் இருப்பது பழைய ஆறு பென்ஸ் நாணயம். அந்த ஊரில் அது 1980-லேயே செல்லாத காசாகிவிட்டது. இவர் விடவில்லை.

என்ன விசேஷம் என்கிறீர்களா? நாணயத்தின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும் இல்லையா, அது தந்தியில் உரசும்போது ஒவ்வொரு சுரமும் லேசான கரகரப்போடு எழும்புகிறது, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருவர் பேச ஆரம்பிக்கிற மாதிரி. காசைக் கொஞ்சம் சாய்த்தால் கரகரப்பு கூடும். தந்திக்கு இணையாகத் திருப்பினால் குழைவு வந்துவிடும். பிளாஸ்டிக் போல வளையாது என்பதால், தந்தியின் சின்ன அசைவும் விரலுக்குத் தெரியும். ரசிகர்கள் நாலைந்து சுரத்திலேயே இவர்தான் என்று கண்டுபிடித்துவிடுவதற்கு, இந்தக் காசுக்கும் பங்கு உண்டு.

இவர் வாசிக்கிற கிட்டாரும் கடையில் வாங்கியது இல்லை! பள்ளிப் பருவத்தில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தது. அதன் கழுத்துப் பகுதிக்குக் கிடைத்த மரம் எது தெரியுமா? குளிர்காயும் கணப்புக்கு மேலே சட்டமாக இருந்த பழைய மரம்!