சமத்துவமும் சமநீதியும்

மாணவர்களே! நெல்லென்று எண்ணி உமியைக் குத்துவார்க்கு அரிசி கிடைப்பதில்லை. அவ்வாறே, பொருள் அறியாது சொல்லை வழங்குவார்க்குப் பயன் கிட்டுவதில்லை. இக்காலத்தில் கல்விக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பன்முகத்தன்மை, பாகுபாடு, சமத்துவம், சமநீதி, உள்ளடக்கம் என்னும் சொற்கள் பெரிதும் வழங்குகின்றன. இவை ஓரினச் சொற்களேயாயினும் ஒரு பொருட் சொற்கள் அல்ல. இவற்றுள் இரண்டன் வேறுபாட்டை அறியாமையால், யான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு சிறுவனுக்குத் தீங்கிழைத்தேன். அதனையும் உரிய இடத்தில் கூறுவேன்.

முதற்கண் பன்முகத்தன்மை என்பதைக் காண்போம். மக்கள் மொழியாலும் சமயத்தாலும் பாலாலும் அகவையாலும் உடல்நிலையாலும் வாழ்க்கை நிலையாலும் வேறுபட்டிருத்தலே பன்முகத்தன்மை எனப்படும். நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 1950 ஆம் ஆண்டில் 14 மொழிகள் இடம் பெற்றிருந்தன. இன்று 22 மொழிகள் உள்ளன. ஓரிடத்தில் பலதிறத்தார் உளர் என்பதை மட்டுமே இச்சொல் உணர்த்தும். அவர்கள் அங்கே எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதை இஃது உணர்த்தாது.

வேறுபாடு வேறு; பாகுபாடு வேறு. ஒருவர் உயரமாகவும் மற்றொருவர் குள்ளமாகவும் இருப்பது வேறுபாடு. அதனைக் காரணங்காட்டி ஒருவர்க்கு உரியதை மறுப்பது பாகுபாடு. சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு அரசு எவரிடத்தும் பாகுபாடு காட்டலாகாது என்று நம் அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு விதிக்கின்றது. 17 ஆம் பிரிவு தீண்டாமையை அறவே ஒழித்தது.

சமத்துவம் என்பது அனைவரையும் ஒரு நிகராக மதித்தல். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பது 14 ஆம் பிரிவின் கருத்து. செல்வர்க்கு ஒரு வாக்கு, வறியவர்க்கும் ஒரு வாக்கு என்பது இதற்குச் சான்றாகும். எனினும், எல்லார்க்கும் ஒன்றையே ஒரே அளவில் தருவது எப்போதும் நேர்மையாகுமா? இவ்வினாவிற்கு விடையாகவே என் பிழையைக் கூறுகின்றேன்.

யான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தேன். வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மாணவர் அனைவரையும் ஒரே நேரத்திற்குள் விடை எழுதுமாறு பணிப்பது என் வழக்கம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுவன் எப்போதும் குறைந்த மதிப்பெண்ணே பெற்றான். வாய்ப்பாடமாகக் கேட்டால் செய்யுளைப் பிழையின்றி ஒப்பிப்பான். எழுதச் சொன்னாலோ வினாவிற்குப் பொருந்தாத விடையை எழுதுவான். அவனைச் சோம்பேறி என்று பலர் முன்னிலையில் கடிந்துரைத்தேன். “யான் எவரிடத்தும் வேற்றுமை காட்டுவதில்லை, எல்லார்க்கும் ஒரே வினா, ஒரே நேரம்” என்னும் செருக்கும் என்பால் இருந்தது.

ஒரு நாள் நண்பகலில், அவன் மரத்தடியில் அமர்ந்து புத்தகத்தை மூக்கின் நுனியில் வைத்துப் படிப்பதைக் கண்டேன். அப்போதுதான் அவன் கண்பார்வை குன்றியவன் என்பது எனக்குப் புலனாயிற்று. “ஏன் அப்பா, முன்னரே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “பிள்ளைகள் சிரிப்பார்கள், ஐயா” என்றான். மறுநாள் முதல் அவனை முன்வரிசையில் அமர்த்தினேன். வினாக்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தேன். சிறிது நேரமும் கூட்டிக் கொடுத்தேன். அடுத்த தேர்வில் அவன் பெற்ற மதிப்பெண்கள், குறை அவனிடத்தில் இல்லை என்பதை எனக்கு உணர்த்தின.

அவனுக்கு யான் முதலில் அளித்தது சமத்துவம் போலத் தோன்றியது. பின்னர் அளித்ததே சமநீதி. அவரவர் தேவையை அறிந்து, தடையை நீக்கி, எல்லாரும் ஒரே இலக்கை அடையுமாறு செய்வதே சமநீதியாகும். அது சலுகையன்று, முன்னரே இருந்த குறையை ஈடு செய்வதாகும். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டோர்க்கு இடவொதுக்கீடு அளிப்பதும் இக்கருத்துப் பற்றியதே. சென்னை மாநிலத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த ஆணை செல்லாது என்று 1951 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பின்தங்கியோர் முன்னேற்றத்திற்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவகுத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென 2016 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும் அத்தகையதே. படிக்கட்டின் அருகே சாய்தளம் அமைப்பது அவர்க்குச் செய்யும் இரக்கச் செயல் அன்று. அஃது அவரது உரிமை.

இனி, உள்ளடக்கம் என்பதை ஒரு வரலாற்றால் விளக்குவேன். பிரான்சு நாட்டுத் தலைநகராகிய பாரிசில் பார்வையற்ற சிறுவர்க்கென ஒரு பள்ளி இருந்தது. கண்ணுடையார் படிக்கும் எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டு, அவற்றை விரலால் தடவிப் படிக்குமாறு அங்கே கற்பித்தனர். அது மிகவும் கடினமாக இருந்தது. அப்பள்ளியில் பயின்றவர் லூயி பிரெயில். இளமையிலேயே பார்வை இழந்தவர். அவர் 1824 ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் அகவையில், ஆறு புள்ளிகளால் அமைந்த எழுத்துமுறையை வகுத்தார். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். ஆயினும், அப்பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றுக் கொண்டது 1854 ஆம் ஆண்டிலேதான். அதற்கு இரண்டு ஆண்டுகட்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

இதனால் அறியத்தக்கது யாது? பிரெயிலுக்கு அப்பள்ளியில் இடம் இருந்தது. அவர் சொல்லுக்கு இடம் இல்லை. உள்ளே சேர்த்தல் மட்டும் உள்ளடக்கம் ஆகாது. சேர்க்கப்பட்டவர் கூறுவதைக் கேட்டு, அதற்கேற்ப ஒழுங்குகளை மாற்றிக் கொள்வதே உள்ளடக்கமாகும். இன்று தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளையும் பார்வையற்றோர் ஆறு புள்ளி எழுத்தினாலேயே படிக்கின்றனர்.

மேற்கூறிய சொற்களைத் தொகுத்துக் காண்போம். பலர் இருத்தல் பன்முகத்தன்மை. அவர்களை இழிவாகப் பிரித்தல் பாகுபாடு. ஒரு நிகராக மதித்தல் சமத்துவம். தேவையறிந்து உதவுதல் சமநீதி. அவர்தம் சொல்லுக்குச் செவிசாய்த்தல் உள்ளடக்கம்.

மாணவர்களே! உங்கள் வகுப்பின் கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பேசத் தயங்கும் ஒருவர் அங்கே இருக்கக்கூடும். அவரைக் கண்டு நகையாதீர்கள். அருகே சென்று, வேண்டுவது யாது என்று கேளுங்கள். யான் பல நாள் கழித்துக் கேட்ட கேள்வியை நீங்கள் இன்றே கேட்பீர்களாக.