மனவடுவும் ஆண்களின் உடல்நலமும்

சயாம் மரண இரயில்பாதை அமைக்க, 1942, 1943ஆம் ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கு உள்ளிட்ட மலாயாத் தோட்டப்புறங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். மீண்டோரின் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் பெயர் இருந்தது. உள்ளத்துக் காயத்துக்குப் பெயர் இருக்கவில்லை. இன்று அதனை மனவடு என்கிறோம்.

ஈழப் போரினால் விளைந்த மனவடுவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலம் ஆராய்ந்தார். 1998இல் அது குறித்து ஆங்கில நூலும் வெளியிட்டார். மூச்சுப்பயிற்சி, மந்திர உச்சரிப்பு, சாந்தியாசனம் என மக்களுக்குப் பழக்கமானவற்றையும் அவர் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்.

மனவடு உடலையும் தாக்கும். கடும் உளைச்சல் நீடித்தால் கார்டிசோல் என்னும் சுரப்பு மிகும். மூளையிலிருந்து விதைகளுக்குச் செல்லும் கட்டளை தளரும். ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டெரோன் குறையக்கூடும். சோர்வு, உறக்கக்கேடு, மனவாட்டம் ஆகியன சுரப்புக் குறைவிலும் தோன்றும், மனவடுவிலும் தோன்றும். எனவே வெவ்வேறு நாள்களில் காலை வேளையில் இருமுறையேனும் இரத்தம் சோதித்த பின்னரே சுரப்புக் குறைவை உறுதிசெய்வர். மருத்துவர் அறிவுரையின்றி டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞரின் விந்தணு உற்பத்தி குன்றும். உள்ளத்துக் காயமோ அப்படியே இருக்கும்.

‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்று மாணவனின் வாயை அடைப்பது எளிது. அவனைப் பேசவிட்டுக் கேட்பதே சிகிச்சையின் முதற்படி. அப்படியை வகுப்பறையிலேயே தொடங்கலாம்.