கேட்டறிந்த இசை வரலாறு

ஒரு கலையின் வரலாறு நூல்களில் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று. அக்கலைக்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட முதியோரின் நினைவிலும் அதன் பெரும்பகுதி தங்கியிருக்கும். அவர்களை அணுகி, பணிவுடன் வினவி, கேட்டவற்றை எழுதி வைப்பவரும் வரலாற்றுக்குத் தொண்டு செய்பவரே ஆவர். இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் காண்போம்.

காவிரியின் வடகரைப் பகுதியிலுள்ள தொட்டியம் போன்ற ஊர்களிலும் இன்று நாதசுரம், தவில் ஆகியவற்றின் ஒலியோடு மின்னணு நடன இசையும் கேட்கின்றது. இவ்விசையில் முழவு கொட்டுவோர் இல்லை. தாளப்பொறியே ஒரே சீராகத் தாளமிடுகின்றது. இதன் ஒரு வகைக்கு 'ஆசிட் ஹவுஸ்' என்பது பெயர். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'பியூச்சர்' என்னும் குழுவினர் 1987இல் வெளியிட்ட இசைத்தட்டே இவ்வகையின் தொடக்கம் என்று பலரும் கூறுவர்.

அக்குழுவினர் கையாண்டது, ஜப்பான் நாட்டு ரோலண்ட் நிறுவனம் செய்த 'டி.பி. 303' என்னும் சிறு பொறியாகும். கிட்டார் வாசிப்போர் தனியே பயிலும்பொழுது கீழ்த்தொனி இசைத்து உடன் துணைசெய்யவே அது செய்யப்பட்டது. போதிய விற்பனை இன்மையால் 1984இல் அதன் உற்பத்தி நின்றது. ஆயின், இசை ஓடும்பொழுதே அதன் குமிழ்களைத் திருகினால் ஒலி நெளிந்தும் குழைந்தும் எழுவதைச் சிகாகோ இளைஞர்கள் கண்டனர். புதிய இசை பிறந்தது.

2002ஆம் ஆண்டில் எடோ பௌமன் என்னும் நெதர்லாந்து நாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் தில்லியில் பழைய தட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். டிஸ்கோ தாளத்திற்கு இசைந்த பத்து இராகங்கள் என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அத்தட்டு 1982இல் வெளிவந்தது. அதனை இசைத்தவர் பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் ஆவார். நம் கல்யாணி, மோகனம், இந்தோளம் ஆகியவற்றிற்கு இணையான யமன், பூபாளி, மால்கௌன்ஸ் என்னும் இராகங்கள் அதில் உள்ளன. அவற்றை இசைக்க அவர் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று அதே டி.பி. 303! சிகாகோவில் எழுந்த ஒலி, ஐந்தாண்டுகளுக்கு முன்னரே பம்பாயில் எழுந்திருந்தது.

2010இல் அத்தட்டு மறுபதிப்பானபோது உலகம் வியந்தது. யாரோ அண்மையில் செய்து பழையது என்று கூறும் ஏமாற்றோ எனச் சிலர் ஐயுற்றனர். அவ்வையத்தைத் தீர்க்க, இசைத்தவரே மும்பையில் வாழ்ந்துகொண்டிருந்தார். பௌமன் அவரைத் தேடிச் சென்று கண்டார். பின்னர் இதழாளர் பலரும் வினவினர். முதியவரின் விடை எளியது. அக்காலத் திரைப்படங்களில் டிஸ்கோ இசை மிகுந்திருந்தது. தபலாவை விடுத்து, அத்தாளத்தில் இராகங்களை வாசித்தால் என்ன என்று தமக்குத் தோன்றியது. அவ்வாறே செய்ததாக அவர் கூறினார்.

அங்ஙனமாயின், சிகாகோ இளைஞர்களுக்கு இவர் ஆசானோ? அல்லர். அவர்கள் இத்தட்டைக் கேட்டனர் என்பதற்குச் சான்று இல்லை. முந்தியிருத்தல் வேறு, வழிகாட்டியிருத்தல் வேறு. இரு வேறு இடங்களில் கிணறு தோண்டியோர் ஒரே நீரூற்றைக் கண்டாற்போல, ஒரே கருவி இருவர் கையிலும் ஒத்த ஒலியைத் தந்தது. இவரது பெருமைக்கு இதுவே போதும், மிகைப்படுத்த வேண்டுவதில்லை.

சரண்ஜித் சிங் 2015இல் தம் 74ஆம் வயதில் மறைந்தார். உரிய காலத்தில் சென்று வினவியிராவிடின், தட்டு மட்டுமே எஞ்சியிருக்கும்; அது தோன்றிய காரணம் மறைந்திருக்கும்.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் முதிய தவில் கலைஞரும் நாதசுரக் கலைஞரும் மெல்லிசைக் குழுவினரும் இருக்கலாம். யாரிடம் பயின்றீர்கள், எக்கருவியை எப்பொழுது கையாண்டீர்கள் என்று அவர்களை வினவுங்கள். அவர்கள் கூறுவதைக் கூறியவாறே எழுதுங்கள். பழைய அழைப்பிதழ், நிழற்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றோடு அதனை ஒப்பிடுங்கள். நினைவாகக் கூறப்பட்டது எது, சான்றால் உறுதிப்பட்டது எது என்று பிரித்துக் காட்டுங்கள். காலம் தாழ்த்தாது கேட்பதும், கேட்டதை ஆராய்ந்து கொள்வதுமே வரலாற்றறிவின் இரு கண்கள்.